கரிசலில் விழும் பந்து

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணி நடந்தே ஜெயித்துக்கொண்டிருந்தது. கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நடந்துதான். பந்து கைக்கு வந்ததும் நான்கு பேர் அதை அவசரமில்லாமல் கைமாற்றிக் கைமாற்றி நடுக்கோட்டைத் தாண்டுவோம். அதற்குள் வெயிலம்மாள் தன் பாட்டுக்கு நடந்துபோய் எதிரணியின் வளையத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடுவாள். ஐந்தடி பதினோரு அங்குலம். அவள் கைக்கு எட்டும்படி பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். முதல் வருடம் முழுக்க இப்படியே ஆடி, மண்டலத்தில் எங்களை யாரும் அசைக்க முடியவில்லை.

கோவில்பட்டியில் விளையாட்டு என்றால் ஹாக்கிதான். கூடைப்பந்து ஆடுகிறோம் என்றால் சொந்தக்காரர்களே ஒரு மாதிரி பார்ப்பார்கள். எங்கள் பி.டி. ஆசிரியை சத்தியபாமா மேடம்கூட ஹாக்கி ஆடி வந்தவர்தான். "இந்த ஆட்டத்துல எனக்கு விதிமுறைப் புத்தகம் தெரியும், அவ்வளவுதான். ஆட்டத்தை நீ பாத்துக்க, தீபா" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். அதனால் யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது எல்லாமே கேப்டனான தீபலட்சுமியாகிய என் இஷ்டம். எனக்கு வாய் வேறு கொஞ்சம் நீளம். அந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்திருக்கக் கூடாது.

ஆடுகளம் கல்லூரிக்குப் பின்னால் இருந்தது. கரிசல் தரை. மழை பெய்தால் செருப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும், காய்ந்தால் மேல்மண் மாவாகக் கிடக்கும். அதில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது நடக்காத காரியம். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பந்து முழங்கால் மட்டத்துக்கு மேல் எழும்பாது. அதனால்தான் நாங்கள் கைமாற்றி ஆடப் பழகியிருந்தோம்.

2001 ஜூலையில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சர்வதேச விதி மாறிவிட்டதாம், இனிமேல் இங்கேயும் அதுதானாம். பந்து கைக்கு வந்தால் முப்பது விநாடிக்குப் பதில் இருபத்து நான்கு விநாடிக்குள் வளையத்துக்கு எறிந்துவிட வேண்டும். மேடம் வாசித்துவிட்டு, "ஆறு விநாடிதானே, சமாளிச்சிரலாம்" என்றார். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலம்மாளை இந்த வளையத்திலிருந்து அந்த வளையத்துக்கு வரச் சொன்னேன். வந்து சேரப் பத்தொன்பது விநாடி ஆனது.

"ஓடி வாட்டின்னா நடந்து வாரே?" என்றேன்.

"ஓடித்தான் வந்தேன்" என்றாள்.

அவளுக்கு ஓட்டம் வராது. எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம் ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்து, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து செம்மறிகளின் பின்னால் போனவள். "ஆட்டுக்காரங்க ஓட மாட்டோம்ட்டி. நாம ஓடுனா ஆடு மிரண்டு சிதறிப்போகும்" என்பாள். இருபது வருடம் ஓடாமலே பழகிய காலை எந்தப் பயிற்சியும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு மாதம் விரட்டிப் பார்த்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

அந்த மாதத்தில்தான் அவள் அப்பா கொம்பையா விடுதி வாசலுக்கு வந்தார். மகளை இந்த வருடத்தோடு கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். மூத்தவன் திருப்பூருக்குப் போய்விட்டானாம், ஆட்டைப் பார்க்க ஆள் இல்லையாம். மேடம் அவரைச் சமாதானப்படுத்தினார். பல்கலைக்கழக அணியில் பெயர் வந்துவிட்டால் மூன்றாம் வருடம் விடுதியும் சாப்பாடும் கல்லூரி பொறுப்பு, முடித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கும் போகலாம் என்று விளக்கினார். கொம்பையா யோசித்தார். "பேரு வந்துட்டா நான் ஒரு கூலியாள வச்சாவது ஆட்டப் பாத்துக்கிடுதேன். வரலைன்னா வீட்டுக்கு வந்துரட்டும்" என்றார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக முன்னால் போய், "பேரு வரும் ஐயா. அதுக்கு நான் ஆச்சு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன்ன நம்பி விட்டுட்டுப் போறேன் தாயி" என்றார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பயிற்சி நேரத்தில் ஒரு வெள்ளாடு களத்துக்குள் புகுந்துவிட்டது. நாங்கள் நான்கு பேரும் அதைத் துரத்த, அது எங்களுக்கு ஆட்டம் காட்டியது. எங்கள் அணியில் மின்னல் மாதிரி ஓடுகிறவள் குல்ஷன், பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அபுதாஹிரின் மகள். அவளாலேயே அதைப் பிடிக்க முடியவில்லை. வெயிலம்மாள் அந்தக் கோடியில் வளையத்துக்கு அடியில் நின்றபடி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். முழு மைதானத்தையும் தாண்டி, ஓடுகிற ஆட்டின் மூக்குக்கு இரண்டு எட்டு முன்னால் அது விழுந்தது. ஆடு திரும்பி, வந்த வழியே வெளியே போய்விட்டது.

"ஆட்டுமேல எறியக் கூடாது" என்றாள் வெயிலம்மாள். "அது எங்க வரப்போகுதோ, அங்கன முன்னாலயே எறிஞ்சிரணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் ஒரு மாதமாக அவளை ஓடச் சொல்லிக் கொண்டிருந்தோம். அவள் ஓட வேண்டியதே இல்லை. எதிரணி எறிந்து தவறவிடுகிற பந்து எங்கள் வளையத்துக்குக் கீழே விழும்போது அதைப் பறிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. பறித்த இடத்திலிருந்தே அவள் எறியட்டும். ஓடுகிற வேலையை குல்ஷன் பார்த்துக்கொள்வாள்.

பந்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். குல்ஷன் ஓடினாள். பந்து அவளுக்கு இரண்டு எட்டு முன்னால் விழுந்து, கரிசலில் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, அவள் கைக்கு வந்தது. அப்படியே வளையத்தில் போட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து விநாடி.

ஆகஸ்டு முழுக்க அதையேதான் பழகினோம். இருபது தடவை எறிந்தால் பதினெட்டு தடவை பந்து சரியான இடத்தில் விழுந்தது. எல்லோரையும்விட வேகமான அணியின் நடுவில், எல்லோரையும்விட மெதுவாக நடக்கிற ஒருத்தி. நான் சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் திரிந்தேன். மண்டல ஆட்டங்கள் எங்கள் களத்திலேயே நடந்தன. வந்த அணிகள் எல்லாம் என்ன நடந்தது என்று புரிவதற்குள் தோற்றுப்போய் பஸ் ஏறின. அத்தனை ஆட்டத்திலும் ஒரு தடவைகூட விநாடி தாண்டிப்போய் விசில் வாங்கவில்லை.

இறுதி ஆட்டம் பாளையங்கோட்டையில். பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான் வருவார்கள். எங்கள் பஸ் கயத்தாறில் டயர் வெடித்து நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது ஆட்டத்துக்குக் கால்மணி நேரம்தான் இருந்தது. உடை மாற்றி, வளையத்துக்குக் கீழே நின்று நாலு பந்து போட்டுப் பார்த்தோம். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

அது சிமெண்டுக் களம். போன வருடமும் அதே களத்தில்தான் ஆடினோம். ஆனால் போன வருடம் நாங்கள் கைக்குக் கை கொடுத்து நடந்து ஆடியவர்கள். பந்து தரையில் பட்டதே அபூர்வம். இந்த வருடம் எங்கள் வேகம் முழுவதும் தரையில் விழுந்து எழும்பும் ஒரு பந்தை நம்பியிருந்தது. அந்தத் தரை எங்கள் தரை இல்லை என்று எனக்கு உறைக்கவே இல்லை. கேப்டன் நான். எனக்குத்தான் உறைத்திருக்க வேண்டும்.

முதல் பந்தை வெயிலம்மாள் பறித்து எறிந்தாள். வழக்கம்போல குல்ஷனுக்கு இரண்டு எட்டு முன்னால் விழுந்தது. விழுந்த பந்து குல்ஷனின் தலைக்கு மேலே எழும்பிப் பறந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. பரவாயில்லை, பதற்றம் என்று நினைத்தேன். இரண்டாவதும் அப்படியே போனது. பார்க்க வந்த கூட்டம் சிரித்தது. நாங்கள் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தோம். மூன்றாவது பந்து பார்வையாளர்கள் மத்தியில் போய் விழுந்ததும் எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது.

ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "ஏட்டி, இது ஆட்டுக்கு எறியுத கட்டி இல்ல. பந்து."

எதிரணிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரோ பின்னாலிருந்து ஆடு மாதிரி கத்தியது கேட்டது. அப்படிக் கட்டி எறிவதை எங்களுக்குக் காட்டித்தந்தவளே அவள்தான். அதை வைத்துத்தான் நாங்கள் பாளையங்கோட்டை வரைக்கும் வந்திருந்தோம்.

"தீபா, தரை..." என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் பேசாத. போய் உக்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பதிலாகக் குள்ளமான ஒரு முதல் வருடப் பிள்ளையை இறக்கினேன். ஐந்து பேரும் ஓடினோம். சிமெண்டில் தட்டத் தட்டப் பந்து கைக்கு அடங்கி வந்தது. அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது, நான் எவ்வளவு வேகமாகத் தட்டிக்கொண்டு ஓடுவேன் என்று. எதிரணியில் எல்லோரும் உயரமானவர்கள், பழைய முப்பது விநாடி ஆட்டத்துக்குப் பழகிய உடம்புகள். மூன்றாம் கால்பகுதியில் அவர்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அப்போது மேடம் கேட்டார். "வெயிலை இறக்கவா? கமிட்டிக்காரங்க முன்னால பிள்ளை ஆடவே இல்லையே."

கொம்பையா முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வந்தது. "வேண்டாம் மேடம். ஆட்டம் இப்பத்தான் சூடு பிடிக்குது" என்றேன்.

நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தேழு. ஜெயித்துவிட்டோம். எல்லோரும் என்னைத் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தபோது வெயிலம்மாள் பெஞ்சில் எங்கள் துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுக் கையும் தட்டினாள்.

மேடம் தேர்வாளரிடம் போய் ஏதோ கேட்பதைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன். "பன்னிரண்டாம் நம்பரா?" என்று அவர் தன் தாளைப் பார்த்தார். "பத்து நிமிஷம்கூட ஆடல. மூணு பந்து வெளிய போயிருக்கு. நான் என்னத்த எழுத மேடம்?" பிறகு என்னைப் பார்த்து, "ஏழாம் நம்பர் நீதானம்மா? நல்ல வேகம்" என்றார்.

திரும்புகிற பஸ்ஸில் எல்லோரும் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். நான் வெயிலம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கயத்தாறு தாண்டியதும் அவளாகவே பேசினாள்.

"தரை சிமெண்டுல்லா. நம்ம மண்ணு மாதிரி பந்த நிறுத்தாது. தரையில போடாம நேரா அவ கைக்கு எறிஞ்சா போதும். மூணாவது பந்துலதான் எனக்குப் புடிபட்டுச்சு."

"ஏம்ட்டி சொல்லல?" என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன்."

"பெறகாவது சொல்லியிருக்கலாமே. இடைவேளையில சொல்லியிருக்கலாமே."

"நீ அத்தன பேரு முன்னால எங்க ஆட்டச் சொல்லிக் கத்திட்டியா, அதுக்கப்புறம் எனக்கு வாயே வரல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

நவம்பரில் கடிதம் வந்தது. என் பெயர் மட்டும் இருந்தது. மேடமும் நானும் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தோம். மேடம் இரண்டு கடிதம் எழுதினார். பட்டியல் போட்டாகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் அவள் இருக்க மாட்டாள் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஏப்ரலில் பரீட்சை முடிந்த அன்று கொம்பையா டிரங்குப் பெட்டியைத் தூக்கிப்போக வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. ஆடு குட்டி போட்டிருக்கிறதாம், சீம்பால் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். "ஜெயிச்ச பிள்ளைகளுக்குக் குடுக்கணும்னு அன்னைக்கே நெனச்சேன். இப்பத்தான் ஆடு ஈனுச்சு" என்றார். அவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒம் பேரு வந்திருக்காமே தாயி. எம் மக சொன்னா. ரொம்ப சந்தோசப்பட்டா" என்றார் கொம்பையா.

அவர் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடாமல் எப்படி இருக்க முடியும்? இன்றைக்கும் சீம்பால் வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஜூனில் கல்லூரி திறந்த பிறகு, மேடத்திடம் ஒரு பழைய பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு எப்போதும்வென்றானுக்கு பஸ் ஏறினேன். என்ன பேசப் போகிறேன் என்று வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனேன். வெடித்துக் கிடந்த தரிசில் ஆடுகளோடு நின்றிருந்தாள். வெயிலில் இன்னும் கறுத்திருந்தாள். தூரத்திலேயே என்னைக் கண்டுகொண்டாள்.

"வா ஏழாம் நம்பரு. யுனிவர்சிட்டி டீமோட ஆட மெட்ராசுக்கா போனிய?"

"திருச்சிக்கு. ரெண்டாவது ஆட்டத்துலயே தோத்துட்டோம்" என்றேன். "வெயிலு, அன்னைக்கு நான்..."

"அத விடு. நம்ம டீம்ல வளையத்துக்கு அடியில இப்ப யாரு நிக்கா?"

"யாருமில்ல. வெறும் ஓட்டந்தான். போன வாரம் தூத்துக்குடிக்காரங்ககிட்ட இருபது புள்ளியில தோத்தோம். பந்தப் பறிக்க ஆள் இல்லாம எதை வச்சு ஓட?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உயரமா ஒருத்தியத் தேடிப் பிடி. குல்ஷனுக்கு நெஞ்சுக்கு நேரா எறியச் சொல்லு. சிமெண்டுல ஆட்டம் வந்தா பந்த தரையில விடவே கூடாது. மறந்துராத" என்றாள். அணியை விட்டுப் போன பிறகும் அதைத்தான் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பிறகு, ஆடுகளைப் பார்த்தபடி, "அன்னைக்கு ஆட்ட மட்டும் நீ சொல்லாம இருந்திருக்கலாம் தீபா" என்றாள்.

நான் மனதுக்குள் கொண்டுவந்த பேச்சு முழுக்க அங்கேயே தீர்ந்துபோனது. பந்தை நீட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கி, ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். மண்ணைத் துடைத்தாள்.

"ஓடு" என்றாள்.

"என்னது?"

"ஓடுட்டி. வண்டிப்பாதையில ஓடு. தரிசுல போனா வெடிப்புல கால விட்டுருவே."

ஓடினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னால் முடிந்த வேகத்தில் ஓடினேன். பின்னாலிருந்து பந்து என் தலைக்கு மேலே போய் சரியாக இரண்டு எட்டு முன்னால் விழுந்தது. கரிசல் புழுதியில் முழங்கால் உயரத்துக்கு எழும்பி எனக்காக நின்றது. இரண்டு கையாலும் பிடித்து, பழக்க தோஷத்தில் தலைக்கு மேலே தூக்கினேன். எதிரே முள்ளடர்ந்த உடைமரம் ஒன்று நின்றது. அதற்கு அப்பால் வெறும் தரிசு. போடுவதற்கு வளையம் இல்லை.

பந்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் வந்து ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் ஆடுகளை ஓடைப் பக்கம் திருப்பிவிட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள், எப்போதும்போல நடந்து.